முந்திச் சென்ற டிரெய்லர்

தன் சைக்கிளுக்குப் பின்னால் வரவேண்டிய டிரெய்லர் தன்னையே முந்திக்கொண்டு செல்வதை ஜோதிமேரி கண்டாள். கண்டதை நம்ப அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேட்டைத் தாண்டி, மண்டபத்துப் பக்கமாக அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. மறுகணமே பாரம் தொலைந்த சைக்கிள் துள்ளியது. பதறிப்போய் இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். அவள் நின்றாள், டிரெய்லர் நிற்கவில்லை. நான்கு மீன் பெட்டிகளையும் சுமந்துகொண்டு, பின்புறம் தார்ச்சாலையில் உராய்ந்து பொறி பறக்க, சைக்கிளோடு பூட்டியிருந்த நீண்ட இழுகம்பியான ஏர்க்காலை வானத்தை நோக்கித் தூக்கியபடி, அவளைக் கடந்து இடப்பக்கம் சாய்ந்து ஓடியது.

இறக்கம் முடியுமிடத்தில், சாலையோரம் சாக்கை விரித்துக் காலை நீட்டி அமர்ந்து வீரலட்சுமி நுங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, எந்திரிங்க! எந்திரிங்க!” என்று ஜோதிமேரி அலறினாள்.

வீரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். எழுவதற்கு அவகாசம் இல்லை.

அதன் பிறகு கண்டவை துண்டு துண்டாகவே ஜோதிமேரியின் மனத்தில் தங்கின. உருண்டோடும் நுங்குகள். பனிக்கட்டியோடு சாலையில் சிதறிய மீன்கள். முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்த ஒரு கால். வீரலட்சுமி அழவில்லை. “என் காலு இங்கன இருக்கா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

சுற்றுலா வேன் ஒன்றின் ஓட்டுநர் ஓடிவந்து அவளைத் தூக்கினார். கூட்டத்தில் யாரோ, “எப்படிம்மா கழண்டுச்சு?” என்று கேட்டார்.

“பாய் வச்ச வெல்டிங் விட்டுப்போச்சு” என்றாள் ஜோதிமேரி. வெல்டிங் இருந்த இடத்தை அவள் பார்க்கவேயில்லை. பார்ப்பதற்கு முன்னரே வாய் சொல்லிவிட்டது.

பாய் என்றால் சதக்கத்துல்லா. பாலத்தின் அடிவாரத்தில் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். மீன் கூடையோடு பேருந்தில் ஏறினால் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று, மின்சாரத்தில் ஓடும் சைக்கிள் ஒன்றை ஜோதிமேரி வாங்கியபோது, அதற்கேற்ற டிரெய்லரைத் தேர்ந்து கட்டிக்கொடுத்தவர் அவரே. ஒற்றைச் சக்கர டிரெய்லர் வளைவில் இலகுவாகத் திரும்பும். ஆயினும் நான்கு பெட்டிகளைத் தாங்காது என்று இரட்டைச் சக்கரம் வைத்தார். பனிக்கட்டி நீர் தேங்காமல் வடிய அடித்தட்டில் துளைகள் இட்டார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், மாலைதோறும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்று சொல்லியனுப்பினார். பத்து மாதங்களாக அந்த டிரெய்லரே குடும்பத்துக்குச் சோறு போட்டது. பாம்பன் கரையில் பெட்டிகளை ஏற்றுவது அவள் கணவன் ஜெபஸ்டினின் வேலை. சைக்கிளோடு பூட்டி, உச்சிப்புளிக்குக் கொண்டுபோய் விற்பது அவள் வேலை.

வெல்டிங் பற்றி அவள் கூறிய சொல், அவளுக்கு முன்பாகவே இராமநாதபுரம் அரசு மருத்துவமனையை எட்டியிருந்தது. வாசலில் வீரலட்சுமியின் தம்பி மூக்கையா, கையில் ஒரு தாளோடு நின்றான். திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி.

“எலும்பு ரெண்டு எடத்துல போயிருக்காம். கம்பி வைக்கணுங்கிறாக. போலீசுல குடுக்க மனு எழுதிட்டேன். அந்தப் பாய் இனிமே பட்டறைய தொறக்கக் கூடாது.”

பாம்பனிலிருந்து ஓடிவந்திருந்த ஜெபஸ்டின் அவன் தோளைத் தொட்டான். “எழுதுங்கண்ணே, நல்லா எழுதுங்க. பூட்டு கழண்டாலும் இழுத்துப் புடிக்க ஒரு சங்கிலி வேணுமா இல்லையா? அதக்கூட அந்தாளு குடுக்கல. அதையும் சேத்து எழுதுங்க.”

ஜோதிமேரி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

சங்கிலி கொடுத்திருந்தார். ஏர்க்காலையும் சைக்கிளின் சட்டத்தையும் பிணைக்கும் இரண்டு முழச் சங்கிலி. பூட்டுவது அவள் வேலை என்பதால் ஜெபஸ்டின் அதைக் கவனித்ததே இல்லை. அது துருவேறி இறுகிவிட்டது என்று சனிக்கிழமை மாலை அவளே கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிய பால்பவுடர் டப்பாவில் ஊறவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். இன்று திங்கட்கிழமை விடிந்ததும், மீன் வந்துவிட்டது என்று கணவன் அவசரப்படுத்தினான், மறந்துபோனாள். இந்நேரமும் சங்கிலி அந்த டப்பாவுக்குள்தான் கிடக்கிறது.

சொல்ல வாயைத் திறந்தாள். மூக்கையாவின் கண்களைப் பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

“போலீசுக்குப் போறதுக்கு முன்னால அந்தாள ஒரு தடவ நேருல பாக்கணும்” என்றான் மூக்கையா. மூவரும் மண்டபத்துக்குப் புறப்பட்டனர்.

டிரெய்லரைப் பட்டறை வாசலில் யாரோ இழுத்துவந்து போட்டிருந்தனர். சதக்கத்துல்லா அதன் அருகில் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார்.

“வெல்டிங் வச்சீரா, இல்ல சோத்துப் பசையப் போட்டு ஒட்டுனீரா பாய்?” என்றான் ஜெபஸ்டின்.

“பத்தவச்ச எடத்த ஒருத்தராச்சும் பாத்தீகளா?” என்று அவர் கேட்டார். “வாங்க மூக்கையாண்ணே, நீங்களே தடவிப் பாருங்க.”

மூக்கையா குனிந்து தடவினான். ஒரு கீறலும் இல்லை. பற்றவைத்த இரும்பு முழுமையாக இருந்தது. சைக்கிளின் பின்னச்சில் உள்ள குமிழின்மேல் கவிழும் கிண்ணமும் நலமாகவே இருந்தது. கிண்ணத்தைப் பூட்டும் ஊசி மட்டும் மேல்நோக்கி வளைந்து முறிந்திருந்தது.

ஜோதிமேரி முறிந்த ஊசியையே பார்த்தாள். பாராமல் சொன்ன ஒரு சொல் ஒரு மனிதரின் பட்டறை வரை வந்துவிட்டதே!

“தங்கச்சி,” சதக்கத்துல்லா அவளிடம் திரும்பினார். “ஒன்ன முந்திப் போகையில ஏர்க்கால் ரோட்டுல இழுபட்டுச்சா, மேல நின்னுச்சா?”

“மேல... வானத்தப் பாத்து நின்னுச்சு.”

அவர் எழுந்தார். மீனின் எடைக்கு ஈடாக நான்கு பெட்டிகளிலும் குழாய்நீரை நிரப்பச் செய்தார். “ஜெபஸ்டின், தெனமும் ஏத்துற மாதிரி ஏத்துங்க. நான் கைய வைக்கல.”

“அதுக்கென்ன, ஏத்துறேன்.” ஜெபஸ்டின் முதற்பெட்டியைத் தூக்கி டிரெய்லரின் கடைசியில் வைத்தான். இரண்டாவதை அதன்மேல் அடுக்கினான். மூன்றாவதும் நான்காவதும் அவற்றையொட்டியே நின்றன. முன்பாதி வெறுமையாகக் கிடந்தது.

“ஏன்ப்பா, எல்லாத்தையும் கடைசியில அடுக்குற?” என்று கேட்டான் மூக்கையா.

“முப்பது வருசம் வள்ளம் ஓட்டுனவன்ணே நானு. அணியம் கனத்தா வள்ளம் அலைக்குள்ள மூக்கக் குத்திரும். முன்பக்கம் எப்பவும் லேசா இருக்கணும். பாரமெல்லாம் பின்னால, அமரத்துக்கு. வயக்காட்டு ஆளு ஒங்களுக்கு அது எங்க தெரியப்போவுது?”

அவன் பெருமையோடு பின்வாங்கி நின்றான்.

தரையில் கிடந்த ஏர்க்கால் மெல்ல அசைந்தது. பிறகு, யாரும் தொடாமலே, எழுந்தது. முழங்கால் உயரம், இடுப்புயரம், மார்புயரம் என ஏறி, பின்புறம் ‘தொம்’மென்று தரையில் மோத, வானத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது.

ஜெபஸ்டின் அந்த இரும்புக் கம்பியையே வெறித்துப் பார்த்தான்.

“ஒவ்வொரு நாளும் பூட்ட இப்படித்தான் மேல நெம்பியிருக்கு” என்றார் சதக்கத்துல்லா. “ஊசி எத்தன நாளைக்குத் தாங்கும்? அச்சுக்குக் கொஞ்சம் முன்னால பாரம் இருக்கணும். ஏர்க்கால் சைக்கிள லேசா அமுக்கணும். கடலுக்கு உள்ள கணக்கு ரோட்டுக்கு ஆகாதுண்ணே.”

மூக்கையா மெதுவாக ஜெபஸ்டின் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் ஜெபஸ்டின் வெடித்தான்.

“சரி, நான்தான் ஏத்துனேன்! தெரியாம ஏத்துனேன்! சங்கிலி இருந்திருந்தா அந்தக்கா மேல போய் மோதியிருக்குமா? அத ஏன் இவரு குடுக்கல? அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க!”

மூக்கையா சட்டைப்பையிலிருந்து தாளை வெளியே எடுத்தான். “சொல்லுங்க பாய். சங்கிலி குடுத்தீகளா, இல்லையா?”

சதக்கத்துல்லா திரும்பினார். ஜோதிமேரியைப் பார்த்தார். கோபத்தோடு பார்க்கவில்லை. அதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது. அவர் கொடுத்தேன் என்பார். கணவன் இல்லை என்பான். கண்ணால் கண்ட சாட்சி அவள் ஒருத்தியே. அவள் வாய் மூடியிருந்தால் பட்டறை மூடப்படும்.

“குடுத்தாரு” என்றாள். “துருவெடுக்கக் கழத்தி மண்ணெண்ணெயில போட்டேன். திரும்ப மாட்டல. வீட்டுல, அடுப்புக்குப் பக்கத்துல டப்பாவுல கெடக்கு. வெல்டிங் விட்டுப்போச்சுன்னு மொதல்ல சொன்னதும் நான்தான். பாக்காமயே சொன்னேன்.”

“ஏ மேரி!” என்றான் ஜெபஸ்டின்.

“நீங்க சும்மா இருங்க. அந்தக்கா காலு இங்கன இருக்கான்னு எங்கிட்டத்தான் கேட்டுச்சு. ஒங்ககிட்டக் கேக்கல.”

மூக்கையா அவளைப் பார்த்தான். அடிப்பானோ, அழுவானோ என்று தெரியவில்லை. பிறகு பட்டறைப் பலகையின்மேல் தாளை விரித்தான். சதக்கத்துல்லாவின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினான். அவர் பெயர் எழுதியிருந்த வரியை இரண்டு முறை அழுத்தி அடித்தான்.

“அப்ப யாரு பேர எழுத?”

ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். ஏர்க்கால் இன்னும் நிமிர்ந்தே நின்றது. அதை இறக்க யாருக்கும் கை வரவில்லை.

“எழுதுங்கண்ணே” என்றாள் அவள். “ஜோதிமேரி. பாம்பன். மொதல்ல சங்கிலியப் பத்தி எழுதுங்க. பெட்டி ஏத்துனத அடுத்து எழுதிக்கலாம்.”