சம்மந்தத்தின் வீங்கிய கன்னம்

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் பிறந்தது. என் பல்வலி. உயர்ந்த இலட்சியம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1954 நவம்பர். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டிய மாதத்தில், வரலாறு வில்லியனூரின் கதவை..." (அடித்துவிட்டேன். வரலாறு வில்லியனூருக்கு வந்தால் கத்தரிக்காய் விலை கேட்டுவிட்டுப் போய்விடும்.)

2

சம்மந்தம் வில்லியனூர் சந்தையில் தோல்பைக் கடை வைத்திருப்பவன். கொம்யூன் அலுவலகத்துக்கு வரும் புது அதிகாரியின் நாற்காலிச் சாய்வுக்குத் தோலில் இந்திய அரசின் மூன்று சிங்கம் செதுக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறான். நாளைக் காலை கொடுக்கவேண்டும். கையில் ஒரே தோல் துண்டு. கெட்டால் வேலை எதிர்க்கடை சிங்காரவேலுவுக்குப் போகும். பிறகு சந்தையில் தலைகாட்ட முடியாது.

தோலை நனைத்தாயிற்று. ஈரம் மிகுந்தால் கோடு நிற்காமல் மூடிக்கொள்ளும். காய்ந்தால் கத்தி இறங்காது. மறுபடி நனைத்தால் நாளைக்குள் பதம் வராது. அந்தப் பதத்தைச் சம்மந்தம் கன்னத்தில் ஒற்றித்தான் பார்ப்பான். ஈரம் ஒட்டாமல் சில்லென்று இருந்தால் செதுக்கலாம்.

இங்கேதான் என் பல்வலியை அவனுக்குக் கொடுத்தேன், தாராளமாகக் காய்ச்சலும் சேர்த்து. கொதிக்கிற கன்னத்துக்கு எல்லாத் தோலும் சில்லென்றுதான் இருக்கும்.

3

வீட்டில் இன்னொரு கன்னம் உண்டு, மனைவி திரௌபதியுடையது. ஆனால் இருவருக்கும் பேச்சில்லை. அவன் வரைந்த சிங்கத்தைப் பார்த்து, "இன்னாய்யா இது, பூனைக்கு முண்டாசு கட்னா மாதிரி கீது?" என்று கேட்டுவிட்டாள்.*

இப்போது தூணிடம் பேசுகிறாள்: "தூணே, தோலு காயுது. ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா பூடுவாங்க?"

சம்மந்தமும் தூணிடமே: "நல்ல கன்னம் கீறவங்க தானா வந்து வெச்சிப் பாக்கறது!"

"பேரச் சொல்லிக் கூப்ட்டா வரேன்னு சொல்லு, தூணே."

கூப்பிட அவனுக்கு ஆசைதான். அவள் பேசாத வீட்டில் சோறுகூட இறங்கவில்லை.

(* இவ்வளவு துடுக்கு வேண்டாமென்று திருத்தப் பார்த்தேன். அவள் விடவில்லை.)

4

முடிவு ஒன்று: கூப்பிடுகிறான், வருகிறாள், சிங்கங்கள் கர்ஜிக்கின்றன. சினிமாக் கொட்டகைக்கு விற்கலாம்.

முடிவு இரண்டு: கூப்பிடவில்லை. அதிகாரி முண்டாசுப் பூனைமேல் சாய்ந்துகொண்டு சுதந்திரத்தைப் பற்றி...

நான் இப்படி அளந்துகொண்டிருக்கையில் தோலின் ஓரம் காய்ந்து வெளுக்கத் தொடங்கிவிட்டது. சம்மந்தம் வாயைத் திறக்கிறான். பல் சுரீரென்கிறது.

"திரௌ..."

அவ்வளவுதான் வந்தது. அவள் தூணை விட்டுத் திரும்பிவிட்டாள், மீதிப் பெயருக்காக நிற்கிறாள். அதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் இன்னொரு வாக்கியம் எழுதினால் தோல் காய்ந்துவிடும்.