பழைய சைலன்சர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுகிறேன். ஒரு ஆளுக்குக் காபி. மோட்டார் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பும்வரை நிற்கிறேன். குளிக்கிறேன். கடையில் வாங்கிய மாவில் இரண்டு தோசை. பிறகு வாசலுக்கு வந்து காரை ஸ்டார்ட் செய்கிறேன். எதிர்வீட்டு ஜன்னல் அதிர்கிறது. அந்த வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் ரம்யா நிமிர்ந்து பார்க்கிறாள். முன்பெல்லாம் திட்டுவாள். இப்போது திட்டுவதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு வங்கியில் எனக்கு வேலை. என் மனைவி மணிமொழி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஐப்பசியில் இறந்துவிட்டாள். இப்போது தை.

விடுமுறை நாள் ஒன்றில், மொட்டைமாடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த பழைய சைலன்சரை எடுத்து டிக்கியில் போட்டேன். கார் வாங்கியபோது அதனுடன் வந்தது. அதையே திரும்ப மாட்ட வேண்டும். மாமியாரைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாமியார் விஜயலட்சுமி வடக்கனந்தலில் இருக்கிறார். காரியத்தன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "அந்தக் காரு கொழாதான் எம்பொண்ணு தலய வெடிக்க வெச்சிது." அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் கதவு சாத்தியிருக்கும். மணிமொழியின் தம்பி பகலவன்தான் வெளியே வருவான்.

"இன்னா பண்றது மாமா. தெருமுனைல வண்டி சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து உள்ள பூடுது."

பஸ்ஸில் போயிருக்கலாம். ஒளிந்துபோவதுபோல் இருந்தது. அதே காரில், அந்தச் சத்தம் இல்லாமல் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

காரின் குழாயை முதலில் மாற்றியது உளுந்தூர்பேட்டையில், மெக்கானிக் ராஜாங்கத்தின் பட்டறையில். கம்பெனி சைலன்சருக்குள் தடுப்புகள் இருக்கும். புகை அவற்றில் முட்டி வளைந்து வெளியேறும்போது சத்தம் சாகும்; கொஞ்சம் சக்தியும் சாகும். ராஜாங்கம் அதைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் புகை நேராகப் போகும் சைலன்சரும் வைத்தார். புகை தடையில்லாமல் போனால் என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவையும் மாற்ற வேண்டும். லேப்டாப்பை இணைத்து அதையும் மாற்றினார். நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. அடித்தொண்டையில் உறுமியது. எனக்குப் பிடித்திருந்தது.

மணிமொழி அன்று கூட இருந்தாள்.

"அண்ணே, இது காரா, மாவு மிஷினா?"

"பவர் ஜாஸ்தியாயிருக்கும்மா."

"மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒரு படி அரிசி ஊறவெச்சி எடுத்தாந்திருப்பேன்."

மலைப்பாதையில்தான் வித்தியாசம் தெரிந்தது. வேகம் குறைந்தால் இழுவை இல்லை. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகள் இப்போது இரண்டாவதைக் கேட்டன. அந்த கியரில் என்ஜின் எந்த வேகத்தில் சுற்றுமோ, சரியாக அந்த வேகத்தில்தான் புதுக் குழாய் காருக்குள் இரையும். காதைவிட மண்டைக்குள்தான் அதிகம் கேட்கும். திங்கள் விடியற்காலையில் அவளை மலையில் விடுவேன். வாரம் முழுக்க அங்கே சக ஆசிரியையுடன் தங்குவாள். வெள்ளி மாலை அழைத்து வருவேன்.

புரட்டாசியில் தலைவலி தொடங்கியது. வண்டியால்தான் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியில் ஏறாத நாட்களிலும் வலித்தது.

"திங்கக்கெழம ஏறுன சத்தம் வியாழக்கெழமதான் எறங்குது" என்று போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் மலையில் இருந்த ஒரு நாள், தலைவலிக்கு நான் போன இடம் ராஜாங்கத்தின் பட்டறை.

"நடுவுல ஒரு ரெசனேட்டர் வெச்சிட்டா உள்ள வர்ற அந்த எரைச்சல் மட்டும் அடங்கிடும் சார். வெளிய கெத்து அப்பிடியே இருக்கும்" என்றார். சின்ன உருளை ஒன்றைக் குழாயின் நடுவில் வைத்துப் பற்றவைத்தார். சொன்னபடியே அடங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போனேன். பள்ளி வாசலில் நெற்றியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்தாள். இறக்கத்தில் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சல் இல்லாததால் தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ரெசனேட்டர் வைத்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவள் எழுந்துவிடக் கூடாதென்று வளைவுகளில் பிரேக்கை மெதுவாக அழுத்தினேன். கோமுகி அணை வந்தது. கச்சிராயபாளையம் வந்தது. வடக்கனந்தலில் அவள் அம்மா தெருவையும் தாண்டினேன். எழுப்பவில்லை.

வீட்டு வாசலில்தான் எழுப்பிப் பார்த்தேன்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். குழாயின் சுவர் வெகுநாளாகவே மெலிந்திருக்கும், சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். முன்பு வந்த தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டார்.

டிக்கியில் பழைய சைலன்சரைப் பார்த்ததும் ராஜாங்கம் சிரித்தார்.

"இன்னா சார், திரும்பவும் கம்பெனி கொழாவா? மாவு மிஷின் அம்மா ஜெயிச்சிட்டாங்க போல."

"ஆமாம்" என்றேன்.

"கொழாய மட்டும் மாத்திக்கினு போனீங்கன்னா கரும்பொக தள்ளும். பெட்ரோல் அளவயும் பழைய மாதிரி ஆக்கணும். டீ சாப்ட்டு வாங்க."

டீ குடித்தேன். முடிந்ததும் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் டயர் உருளுவது கேட்டது. டேஷ்போர்டில் ஏதோ ஒரு பிளாஸ்டிக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அது எப்போதிலிருந்து கிறீச்சிடுகிறது என்று தெரியவில்லை. கரும்பு டிராக்டர் ஒன்று வழிவிடவில்லை. பின்னால் நான் இருப்பது டிராக்டர்காரருக்குக் கேட்கவில்லை. ஹாரன் அடித்தேன்.

வடக்கனந்தல் தெருமுனையில் திரும்பினேன். மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மடியில் முறம், காலடியில் தோல் குவியல். கார் பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் நிமிர்ந்தார். எழப் போனார். முறம் தடுத்தது. அப்படியே உட்கார்ந்தார்.

"சத்தமே கேக்கல" என்றார்.

"கழட்டிட்டேங்க அத்த."

காரின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தலவலி, தலவலின்னாளே. ஆஸ்பத்திரிக்கு ஏன் இட்டுக்கினு போவல?"

"சத்தத்தாலன்னு நெனச்சோம்."

ஒரு காயை உடைத்தார். பருப்பு முறத்தில் விழுந்தது.

"நானுந்தான் நெனச்சேன். அந்தக் கொழாயக் கழட்டச் சொல்லுடி, செரியாப்பூடும்னு போன்ல நாந்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஒரு ஊசி போட்டுக்கடின்னு சொல்லல."

பகலவன் உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கடசியா அம்மான்னு கூப்ட்டாளாமே" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "இவன் சொல்றான். இவன் எங்க கூட இருந்தான்? நீங்கதான இருந்தீங்க?"

அவர் தலைக்கு மேலிருந்து பகலவன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லச் சொன்னது அவன் பார்வை. அவன் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவைத்திருந்தது எனக்கு முன்பே தெரியும்; வழியெல்லாம் நானும் அதைத்தான் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன்.

"இல்லீங்க அத்த."

"சும்மா இரு மாமா" என்றான் பகலவன்.

"நீ சும்மா இருடா." முறத்தைக் கீழே வைத்தார். "அப்பறம் இன்னா சொன்னா?"

அவர் முன்னால் மணிமொழி என்னை வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். நாங்கள் ஒரே கல்லூரி. தனியாக இருக்கும்போது வேறு மாதிரி. மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையில் முதல் வளைவு தாண்டியதும் அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள் என்று சொன்னேன். அவள் கேட்டதற்கு என்ன சொல்வதென்று யோசித்தபடி அடுத்த வளைவைத் திருப்பினேன், திரும்பிப் பார்த்தபோது கண்ணை மூடியிருந்தாள் என்று சொன்னேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இப்ப நீ பேசறது கேக்குது. ஏதாச்சும் பேசு."