யுவராணி வாயில் வராத வார்த்தை

சின்னாளபட்டியில சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறவ பொன்னழகு. அன்னைக்கு வேலையை அப்படியே போட்டுட்டு, மக யுவராணியைக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிட்டா. மகளுக்கு நாடகப் பள்ளியில நடிப்புப் படிக்க எடம் கெடச்சிருச்சு, படிக்கவைக்கத்தான் வக்கில்ல. சந்தோஷ்குமார் நினைவு உதவித்தொகை கெடச்சா படிப்பு, இல்லேன்னா மில்லு வேலை. வருசத்துக்கு ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்க. வந்து நின்னதோ பதினோரு பேர்.

சந்தோஷ்குமார் நடிப்புப் படிக்கிறப்பவே விபத்துல போயிட்ட பையன். அவனோட அம்மா சொர்ணலட்சுமி டீச்சர்தான் மகன் பேர்ல இதை நடத்துறாங்க. மாலை போட்ட அவன் படத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. தேர்வு வைக்க மெட்ராஸ்ல இருந்து பிராங்கிளின் சார் வந்திருந்தாரு. எல்லாருக்கும் ஒரே காட்சி. வீட்டை விட்டு ஒரேயடியாக் கெளம்புற பொண்ணு, தாயிகிட்ட, "நான் போறேம்மா. இனி வரமாட்டேன்"னு சொல்லணும். அம்புட்டுதான்.

யுவராணி வந்து நின்னா. அவ நின்ன நிலையிலயே கூட்டம் அடங்கிப்போச்சு. பொன்னழகு பூரிச்சுப்போயி பாக்குறா. மக வாயத் தொறந்தா:

"நான் வாரேம்மா. இனி வரமாட்டேன்."

கொல்லுன்னு ஒரு சிரிப்பு. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே யுவராணிக்குப் புரியல. பிராங்கிளின் சார் திரும்பச் சொல்லச் சொன்னாரு, அதையேதான் சொன்னா.

பொன்னழகுக்குத்தான் வெளங்குச்சு. எழவு வீட்டுலகூட சொல்லாமத்தான் எந்திரிச்சு வருவாங்களே ஒழிய, போறேன்னு சொல்லுவாங்களா? ஆறு வயசுல வாசப்படியில நின்னு 'போறேன்'னவளைத் தொடையில கிள்ளி, வாரேன்னு சொல்ல வச்சவளே அவதான். பாவி, பெத்த பிள்ளை பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேனேன்னு எந்திரிச்சு, தப்பெல்லாம் எம்பேர்லதான், எங்க வீட்ல அந்த வார்த்தைய யாரும் சொல்றதில்லன்னு ஒப்பிச்சா. பிராங்கிளின் சார் கோவிக்கல. வீட்ல எப்படியோ இருக்கட்டும், மேடைக்கு வந்தா தாள்ல உள்ளதத்தான் சொல்லணும், இதுதான் கடைசின்னுட்டாரு.

யுவராணி நேரா அம்மாவையே பாத்தா.

"நான் போறேம்மா."

"வாரேன்னு சொல்லுடி!"

கத்துனது பொன்னழகு. அது நாடகம்ங்கிறதே அவளுக்கு மறந்துபோச்சு. இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கல. யுவராணி அசரல. கண்ணை எடுக்காம, "இனி வரமாட்டேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு வெளியேறிட்டா.

காரியத்தையே கெடுத்துட்டோம்னு முந்தானையில மொகத்தப் பொத்திக்கிட்டு உக்காந்த பொன்னழகு, மூணு மணிக்கு உதவித்தொகை யுவராணிக்குன்னு சொன்னப்பதான் நிமிர்ந்தா. வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனாலும் அந்தப் பாழாப்போன வார்த்தை உள்ளுக்குள்ள முள்ளாக் குத்திக்கிட்டே கெடந்துச்சு. தூர ஊருக்குப் போற பிள்ள இப்படியா சொல்லணும்?

சொர்ணலட்சுமி டீச்சர் பக்கத்துல வந்து உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"எம்மவன் கடைசியாக் கெளம்புனப்ப 'வாரேம்மா'ன்னுதான் சொல்லிட்டுப் போனான். வார்த்தையில ஒண்ணுமில்ல தாயி. ஒம் மகளத் தைரியமா அனுப்பு."

பொன்னழகு பொலபொலன்னு அழுதா. அழுகையோட அழுகையா அந்தப் பயமும் எறங்கிருச்சு. கையெழுத்துப் போட வாங்கன்னு பிராங்கிளின் சார் ரெண்டு தடவை கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் பிடிச்ச கையை விடாம உக்காந்திருந்தாங்க.