பாட்டுக்கு வாய்

"மாமி, இந்தப் பாட்டுக்கு வாய் எங்க?"

ஐந்து வயதில் அண்ணன் மகள் பார்கவி கேட்ட கேள்வி அது. சாரங்கா அப்போது மடியில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கோயிலில் தேவாரம் பாடிய அவளுடைய தொண்டை, கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு காற்றுப்போன சைக்கிள் ரியூப்பாகிவிட்டிருந்தது. பிள்ளையின் தலையைத் தடவினாள். கடவுள் தொண்டையை எடுத்தாலும் விரல்களை விட்டுவைத்திருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை.

பதில் தயாராக எட்டு வருடம் ஆனது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு பியர்க்கடையின் பின்னறையில் ஜெர்மன்காரர் சிலர் கூடி, புளூகிராஸ் என்ற அமெரிக்க மலைநாட்டு இசையை வாசிப்பார்கள். அவர்களோடு இருந்து பழகிய சாரங்கா, கிற்றாரோ பிடிலோ துணைக்கு இல்லாமல், பாஞ்சோவைத் தனியே வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டாள். முதல் மெட்டுக்குப் பெயர் 'பார்கவி'.

பார்கவி பெரியபிள்ளையானாள்; அவளுடைய சாமத்திய வீடு வந்தது.

"அண்ணை, ஒரேயொரு மெட்டு. எங்கட சனம் ஒருக்கா இருந்து கேட்டால் எனக்குக் காணும்."

"சரி, சரி," என்றார் அண்ணன் மகேந்திரராஜா. "ஆனால் உந்தப் பாஞ்சோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடையில ஏறிப்போடாதை. தட்டைப் போடுவிக்கிறன்."

மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஒலிபெருக்கிக்கார ஜேசுரட்ணம் தட்டைப் போட்டார். சில்லறைக் காசுகள் படியில் உருண்டு இறங்குவதுபோல மெட்டுத் தொடங்கியது. சாரங்கா தூணோரம் நின்று பிள்ளையின் முகத்தையே பார்த்தாள்.

"இது எந்தப் பாட்டின்ர கரோக்கே, அக்கா?" என்று பக்கத்தில் இருந்த இளந்தாரி நிஷாந்தன் உரத்துக் கேட்டான்.

"கரோக்கே இல்லைத் தம்பி. பாட்டே இதுதான்."

அவளுடைய கரகரப்பு அவன் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வீடு கரோக்கே வைத்திருக்கிற சனத்துக்கு, குரலில்லாத இசை என்றால் இன்னும் ஒருவர் பாட வேண்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். மகேந்திரராஜா மைக்கைப் பிடித்தார்.

"தங்கச்சியின்ர தொண்டை ஒப்பரேசனோட போச்சுது. வாங்கோ, நாங்கள் தொண்டை குடுப்பம்!"

மண்டபம் அதிர்ந்தது. அவர் ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தார். அது மெட்டோடு ஒட்டவில்லை. "அடி பிசகுது, தங்கச்சி! உன்ர பெட்டிக்குத் தாளம் தெரியாதோ?" நிஷாந்தன் மற்ற மைக்கைப் பிடித்து அவளைப்போலவே கரகரத்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வந்தவர்கள் கெட்டவர்களும் அல்லர். வயிறு நிறைந்திருந்தது, சிரிக்க ஓர் ஆள் கிடைத்தாள், அவ்வளவுதான்.

அப்போது பார்கவி மாலையோடு எழுந்து வந்து தகப்பனிடமிருந்து மைக்கைப் பறித்தாள்.

"மாமி, இண்டைக்கு நான் வாய் வைக்கிறன்!"

அதே கரகரப்பில் "லா... லா..." என்று இழுத்தாள். சபை கைதட்டியது. நல்ல நாளில் மாமி அழக்கூடாது என்பதற்காகச் சாரங்கா சிரித்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று மைக் இரண்டும் ஊமையாயின. சாரங்கா மட்டும் கண்டாள்: ஜேசுரட்ணத்தின் பெருவிரல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் மைக்குகளின் இரண்டு குமிழ்களை மெல்லக் கீழே இழுத்தது. பாஞ்சோவின் குமிழை அது தொடவில்லை.

"என்ன காணும், மைக்குக்கு என்ன?" என்று மகேந்திரராஜா கத்தினார்.

"பழுது போல கிடக்கு, ஐயா."

"ஓட்டைச் சாமானைக் கொண்டுவந்து என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்! இனி இந்த ஊரில ஒரு விசேசத்துக்கும் உம்மைக் கூப்பிட விடமாட்டன்!"

ஜேசுரட்ணம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அந்த ஏச்சு முடியும்வரை மெட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. சாரங்கா கடைசித் தந்திவரை கேட்டாள்.

"அந்தாளுக்கு ஒருத்தரும் கை குடுக்கக்கூடாது, சாமானைத் தனிய ஏத்தட்டும்," என்று இளந்தாரிகளுக்கும் உத்தரவு போனது. ஆறு மணிக்குள் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். ஜேசுரட்ணமோ நாரி நோவுக்கு இடுப்பில் பட்டி கட்டியிருப்பவர்.

சனம் கலைந்தது. சாரங்காவைக் கூட்டிவந்த அண்ணனின் காரும் புறப்பட்டது. "பூச்சட்டியள் ஏத்தினதில உனக்கு இடமில்லை. நீ ட்ராமில வா."

ஜேசுரட்ணம் ஓர் ஒலிபெருக்கியை அணைத்துக்கொண்டு, வாகனத்துக்கு அடி அடியாக நடந்து போனார். மேசைகளுக்கடியில் கேபிள்கள் கேக்கும் பாயாசமும் பிசுபிசுக்கக் கிடந்தன. சாரங்கா சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். ஒவ்வொன்றையும் துடைத்து, முறுக்கு விழாமல் வளையமாகச் சுற்றிக் கட்டி, அவருடைய பெட்டியில் அடுக்கினாள். பார்கவியின் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்த மைக்கையும் துடைத்து மேலே வைத்து மூடினாள்.

வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. சாரங்கா சமையலறைக் கதவால் இறங்கி ட்ராமுக்கு நடந்தாள்.