நன்றி சொல்ல வந்தவர்

சம்பந்தி வீட்டுக்குப் போவதற்காகத் தம்பித்துரை கோட் போட்டிருந்தார். காரின் பின் இருக்கையில் மகள் வேணுஜா பயத்தம் பணியாரத் தட்டை மடியில் பிடித்திருந்தாள். அவளும் அவள் கட்டப்போகிற யென்ஸும் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் ஒரே மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள். அவன் ஊர் கிழக்கே, பழைய எல்லைக்கு அப்பால், முன்பு கிழக்கு ஜெர்மனியாக இருந்த பக்கத்தில். இன்று கலியாணத்துக்கு நாள் பேசுவதாக இருந்தது.

"அப்பா, அங்க பழைய கதை ஒண்டும் எடுக்காதேங்கோ."

"அவையள் அந்தப் பக்கத்துச் சனம் பிள்ளை. நான் கட்டாயம் ஒரு நன்றி சொல்ல வேணும்."

"அந்த நாடே இப்ப இல்லை!"

"இல்லாத நாட்டுக்கும் மரியாதை செய்வார் உன்ர கொப்பர்," என்றாள் முன் இருக்கையில் இருந்த அம்மா ஜெயமலர். "பக்கத்தில இருக்கிற மனுசிக்குத்தான் ஒண்டுமில்லை."

யென்ஸின் அம்மா ரெனாட்டே பிளம்ஸ் கேக் செய்திருந்தாள். பணியாரத்தை ருசி பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள். மே மாதம் என்று பேச்சு ஏறக்குறைய முடிந்தபோது தம்பித்துரை எழுந்து நின்று கைகூப்பினார். நாட்கணக்காகப் பழகி வைத்திருந்த ஜெர்மன் வசனங்கள் தடங்கலின்றி வந்தன.

"எண்பத்தைந்தில் நான் இலங்கையிலிருந்து அகதியாக உங்கள் பக்கத்துப் பெர்லினில் விமானத்தில் வந்து இறங்கினேன். உங்கள் எல்லைக் காவலர்கள் என்னை மேற்கே போக விட்டார்கள். ஒருவர் சிரித்தபடி, பயணம் நல்லபடி அமையட்டும் என்றார். எங்கள் ஊரில் சீருடை போட்ட எவரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. உங்கள் நாட்டுக்கு என் நன்றி."

ரெனாட்டே முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதே வருடம் என் தம்பி ஊவே இந்த வயல்களுக்குப் பின்னால் எல்லை வேலியில் ஏறினான். அவனுக்கும் மேற்கே போகத்தான் ஆசை. சுட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு உடலைக்கூடக் காட்டவில்லை." பிறகு, சரிபார்த்துக்கொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்: "உங்களைப் பார்த்துச் சிரித்தார்களா?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

யென்ஸ் வேணுஜாவை வாசல் நடைக்கு அழைத்துப் போனான். "உன் அப்பா மன்னிப்புக் கேட்கட்டும். ஒரு சொல்தானே, அம்மா அமைதியாகிவிடுவாள்."

"ஊவேயைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"எங்கள் வீட்டில் அதைப் பேசுவதில்லை."

"அப்பா எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? உயிரோடு வந்து சேர்ந்ததற்கா?"

"அகதிகளைக் குவித்து மேற்கு ஜெர்மனியைத் தொந்தரவுபடுத்தத்தான் உங்களை அனுப்பினார்கள். அதுகூடவா அவருக்குத் தெரியாது?"

தம்பித்துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"விடு பிள்ளை. நான் கேக்காத மன்னிப்போ," என்றவர் சமையலறை வாசலுக்குப் போனார். விசா நீட்டிக்கச் சொல்லி அலுவலகங்களில் நின்ற அதே குனிவு முதுகில் வந்துவிட்டது. "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார்.

ரெனாட்டே அவர் பக்கம் திரும்பினாள்.

"சுட்டவர்களில் ஒருவர்கூட இதை எங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?"

அவள் பாத்திரம் துடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜெயமலர் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது," என்றான் யென்ஸ், மெதுவாக. "மே மாதமே வைத்துக்கொள்ளலாம்."

வேணுஜா அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் நிம்மதி மட்டும்தான் இருந்தது. அழுகிற தாயின் பக்கமோ, கூசிப்போய் நின்ற தன் அப்பாவின் பக்கமோ அவன் ஓர் அடிகூட வைக்கவில்லை. இவனோடு வாழப்போகிற வீட்டிலும் இப்படித்தான் ஒவ்வொன்றும் சரியாகும் என்று அவளுக்குத் தோன்றியது.

கார் ஊரைத் தாண்டும் முன்னரே ஜெயமலர் தொடங்கிவிட்டாள். "நாளைக்கே மண்டபம் பதிய ஒரு ரெர்மின் எடுக்க வேணும். பிந்தினா மேயில கிடைக்காது."

"எடுக்க வேண்டாம் அம்மா. இந்தக் கலியாணம் வேண்டாம்."

தம்பித்துரை காரை வயலோரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஏன் பிள்ளை?" என்றார். "நான்தான் மன்னிப்புக் கேட்டிட்டனே."