அட்டையில் நின்ற முள்

கேஜ்கள் வந்த அன்று, பெட்டிக்குள் பச்சைக் குழந்தை உறங்குவது போல அவன் டேப்பை ஓசைப்படாமல் உரித்தான். கறுப்பு வளையம் போட்ட மூன்று வட்ட மீட்டர்கள். ஒன்று என்ஜினின் சூட்டைக் காட்டும், ஒன்று ஆயிலின் அழுத்தத்தை, மற்றது பேட்டரியின் தெம்பை. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துத் தள்ளி நின்று ரசித்தான். தண்ணீர் குடிக்க வந்த மனைவியையும் நிறுத்திப் பார்க்க வைத்தான்.

"அழகாத்தான் இருக்கு. இத வச்சா வண்டி கொதிக்காதா?"

"கொதிக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சு?"

"நிறுத்திடலாம்ல?"

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு மலையில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறோம். இன்னொரு தடவை நடுரோட்டுல ஆவி விட்டுச்சுன்னா, பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சொன்னால் செய்துவிடுகிறவள். வண்டியும் அவள் பெயரில்தான் இருந்தது.

அவனுக்கோ அந்தப் பழைய கார் என்றால் உயிர். மாமனார் அதற்கு 'அண்டா' என்று பெயர் வைத்து, மாப்பிள்ளையை விசாரிக்கும்போதெல்லாம் அண்டாவையும் விசாரிப்பார். பகலில் கண்ணாடிக்கடையில் அடுத்தவர் மூக்குக்கு ஃபிரேம் அளவெடுக்கும் அவன், அண்டாவுக்காகவே கார் மின்வேலை கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான். வகுப்பில் ஆசிரியர் எத்தனையோ சொன்னார். அவன் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றது ஒன்றுதான்: டேஷ்போர்டில் டிரில் வைக்கும் முன், அட்டையில் மாதிரி வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும். எதையும் முடிவு செய்யப் பயப்படுகிற ஒருவனுக்கு இதைவிட இதமான பாடம் கிடைக்காது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று அட்டை வட்டங்களோடு வண்டிக்குள் ஏறினான். உதவிக்கு மச்சான் வந்தான். செல்போன் கவர் விற்பவன். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ஓர் உறை போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். மாமனார் அழைக்காமலே வந்து பின்சீட்டில் அமர்ந்துகொண்டார்.

முதலில் முன்கண்ணாடியின் ஓரத்துத் தூணில் ஒட்டினார்கள்.

"சூப்பர் அத்தான்! அப்படியே விமானம் மாதிரி இருக்கு."

வாசலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "விமானத்துக்குக் குறுக்கே சைக்கிள் வராது. இங்க வரும். அந்தப் பக்கம் மறைக்குது, எடுங்க."

டேஷ்போர்டின் மேல் வைத்தார்கள். வெயில் பட்டதும் வட்டங்களின் நிழல் முன்கண்ணாடியில் விழுந்து, சாலையில் மூன்று நிலாக்கள் நின்றன. ரேடியோவுக்குக் கீழே ஒட்டினால் கியர் போடும்போதெல்லாம் அவன் முட்டி இடித்தது. ஏசி வாயைக் கழற்றிவிட்டு அங்கே பொருத்தலாம் என்று மச்சான் சொல்லி முடிப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் காத்து ஒண்ணுதான் எனக்கு வருது மாப்ளே. அதையும் அடைச்சிட்டா உங்க மீட்டரைப் பாத்துக்கிட்டே வேர்க்கவா?"

"இல்ல மாமா, சும்மா யோசனைதான்."

"கிளவ் பாக்ஸுக்குள்ள வச்சா?" என்றான் மச்சான்.

"பாக்கணும்னா திறக்கணுமேடா."

"திறந்து பாத்துட்டு மூடிடலாம் அத்தான். பாதுகாப்பா இருக்கும்."

"சூட்டுக்கா, கேஜுக்கா?" என்றார் மாமனார்.

பேச்சு நீண்டது. டீ வந்தது, டம்ளர்கள் போயின, டேப் சுருள் இளைத்தது. வண்டிக்குள் இருந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் யாரோ ஒருவர் உரிமை கொண்டாடினார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த பழைய மீட்டர் பலகையின் ஓரம் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. அங்கே கம்பெனி வைத்த சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. சூடு மிஞ்சினால் எரியும்.

"அங்க விளக்கு இருக்கே," என்றாள் மனைவி.

"அதுவா?" அவன் உதட்டைப் பிதுக்கினான். "துக்கம் சொல்ல வர்ற ஆள் மாதிரி அது. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எரியும். அத யாரு நம்புறது?"

சூட்டுக்கான அட்டையை அந்த விளக்கின் மேலேயே ஒட்டினான். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் ஏறின. பார்வைக்கு நேராக இருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் டிரில்லை எடுத்தபோது கை தயங்கியது. கொஞ்சம் மேலே இருந்திருக்கலாமோ? ஓட்டும்போது எப்படித் தெரியும்? மலைக்குப் போய்வரும் வரை அட்டையே இருக்கட்டும், திரும்பி வந்து துளை போடலாம் என்று தீர்மானித்தான். தீர்மானத்தைத் தள்ளிப் போடும் தீர்மானம் என்றால் அவனுக்குச் சட்டென்று வந்துவிடும்.

மொட்டை வட்டமாக இருப்பது மனதை உறுத்தியதால் பேனாவால் அளவுக் கோடுகள் போட்டான். பிறகு முள். சூட்டின் முள்ளை ஓரத்தில் வரைவது அபசகுனமாகப் பட்டது. சரியாக நடுவில், சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து வரைந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்டா உற்சாகமாகக் கிளம்பியது. அவன் ஓட்ட, பக்கத்தில் மனைவி. பின்னால் மாமனாரும் மச்சானும். அசல் கேஜ்கள் பெட்டியோடு டிக்கியில் பத்திரமாக வந்தன. மலைச் சாலை தொடங்கியதும் மாமனார் கேட்டார்.

"சூடு எப்படி மாப்ளே?"

அவன் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். "நடுவுல நிக்குது மாமா."

"நல்லது."

உண்மையாகவே எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. அடுத்த வளைவிலும் கேட்டார். அப்போதும் நடுவில்தான் நின்றது. வண்டி முனகியது. மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"ஏதோ இனிப்பா வாடை வரல?"

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

"முன்னாடி லாரியே இல்லீங்க."

அவன் மறுபடி பார்த்தான். முள் அசையவில்லை. எவ்வளவு செங்குத்தான ஏற்றத்திலும் இம்மிகூட அசையாத முள்! அண்டா மேல் அவனுக்குப் பெருமை பொங்கியது. "பாத்தியா, இந்த ஏத்தத்துலயும் அப்படியே நிக்குது."

பின்சீட்டிலிருந்து மச்சான் தயக்கமாகக் கேட்டான். "அத்தான்... அது அட்டைதானே?"

பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி சீறியது. ஓரங்கட்டி நிறுத்தி என்ஜினை அணைத்தான். சாவியை முழுக்கத் திருப்பாததால் மீட்டர் பலகை அணையவில்லை. மனைவி கையை நீட்டிச் சூட்டுக்கான அட்டையைப் பிய்த்தாள். பின்னாலிருந்த சிவப்பு விளக்கு, எப்போதிலிருந்தோ, சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பிஸ்கெட் படம் இருந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து தண்ணி பாத்தீங்களா?"

"கேஜ் வச்சப்புறம் அதுலயே..." என்று தொடங்கியவன், தன் பேச்சைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் பூரா நாலு பேர் இந்த வண்டியோடயே கிடந்து பேசினோம்," என்றார் மாமனார். அவர் குரலில் கேலி இல்லை, வியப்புதான். "ஒருத்தருக்கும் முன்னாடி போய்ப் பாக்கணும்னு தோணலையே."

என்ஜின் ஆறும் வரை சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்கள். அவனுக்குப் பழைய இரும்புக் கடையின் தராசு கண்முன் ஆடியது. ஆறிய பிறகு அவளே பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தாள். உள்ளே வறண்டு கிடந்தது. ரப்பர் குழாய் ஒன்றில் வெடிப்பு; அதன் வழியே கசிந்த கூலன்ட்டின் வாடைதான் அந்த இனிப்பு. தக்க சமயத்தில் மச்சானின் நம்பிக்கை கைகொடுத்தது: மிச்சமிருந்த டேப்பை இறுக்கிச் சுற்றி உறை போட்டான். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரெல்லாம் அண்டாவின் தாகத்துக்குப் போனது.

"இரும்புக் கடைக்குப் போன் பண்ணவா?" என்று கேட்டான் அவன். அவள் சொல்லிக் கேட்பதைவிடத் தானே கேட்டுவிடுவது குறைவாக வலிக்கும் என்று தோன்றியது.

அவள் பானட்டை அறைந்து மூடினாள். "வண்டி என்ன தப்பு பண்ணுச்சு? அது ஒழுங்கா விளக்குப் போட்டுச் சொல்லிச்சு. மேல அட்டைய ஒட்டினது யாரு? விக்கலை."

அவன் மூச்சு திரும்பியது.

"ஆனா இனிமே நான் ஓட்டறேன். சாவியக் குடுங்க."

மறுவாரம் மெக்கானிக் குழாயை மாற்றினார். கேஜ்களை எங்கே வைப்பது என்று அவர் கேட்டதற்கு, அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் இடத்தைக் காட்டினாள். ஓட்டுநர் சீட்டின் முதுகு. மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒயரைப் பின்னால் இழுத்தார்.

அடுத்த முறை மலை ஏறியபோது முன்சீட்டில் மாமனார் காற்று வாங்கியபடி வந்தார். பின்சீட்டில் அவன். பழைய சிவப்பு விளக்கைத் துடைத்து வைத்திருந்த மனைவி, அதை மட்டும் பார்த்து ஓட்டினாள். அவன் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், மூன்று கேஜ்களும் மினுங்கின. மறைப்பில்லை, முட்டி இடிக்கவில்லை, நிழல் விழவில்லை. இத்தனை நாள் தேடிய இடம் இதுதானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சூடு எப்படி மாப்ளே?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"நடுவுல நிக்குது மாமா," என்றான்.

பிறகு, யாரும் பார்க்காதபோது, சூட்டு கேஜின் முகத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தான்.