ஞாயிற்றுக்கிழமை கார்

மயிலாப்பூர் வீட்டை விற்றுவிட்டுக் கொட்டிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியபோது ஜெயலக்ஷ்மி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்கேர்ந்து எங்கேயாவது போகணும்னா?"

"கார் இருக்கே! இருபது நிமிஷம்" என்றார் அவள் கணவர் கிச்சா.

ஆறு வருஷத்தில் அந்த இருபது நிமிஷம் ஒரு மணி நேரமாகிவிட்டது. கொத்தமல்லிக்கும் கார், கோயிலுக்கும் கார், பல்வலிக்கும் கார். கிச்சாவுக்கு முழங்கால் போனபிறகு வண்டி மகன் ஸ்ரீகிருஷ்ணாவின் கைக்குப் போனது. காலையில் கிண்டி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனால் இரவுதான் திரும்பும். பெட்ரோல் தினமும் காசு காசாக ஏறத் தொடங்கியதும் அவன் வீட்டில் ஒரு சட்டம் போட்டான். ஆபீசைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ரவுண்டு. கிச்சாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எந்தத் தெருவுக்குப் பிறகு எந்தத் தெரு என்று அவரே வரிசை போட்டுக் கொடுப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சாய்மா போன் செய்தாள். ஜமீலுன்னிசாவின் மகள்.

"டீச்சர், அம்மிய ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குக் கூட்டினு வந்துட்டோம். இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. உங்களப் பாக்கணும்னு கேட்டுக்கினே கீறாங்க."

ஜமீலுன்னிசாவும் ஜெயலக்ஷ்மியும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர்கள். இவள் கணக்கு, அவள் தையல். ஸ்ரீகிருஷ்ணா எட்டு மாதக் குழந்தையாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிச்சா வேலை விஷயமாக நாக்பூரில் இருந்தார். பதினோரு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "நீ போய் ரெண்டு வாய் சாப்ட்டு வா ஜெயா" என்று அனுப்பியவள் ஜமீலுன்னிசா.

"ஏன்னா, ராயப்பேட்டை வரைக்கும் போயிட்டு வரணும்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

கிச்சா பேப்பரை மடித்தார். "ஆட்டோக்காரன் போக ஐநூறு கேப்பான், வர ஐநூறு கேப்பான். பெட்ரோல் விக்கற விலையில அவனையும் குத்தம் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை எப்படியும் வண்டி மயிலாப்பூர் போறது. அங்கேர்ந்து ராயப்பேட்டை ரெண்டு எட்டு."

அவள் வாதாடவில்லை. பென்ஷன் அவள் பேரில்தான் வருகிறது. ஆட்டோவுக்குப் பணம் கேட்டிருந்தால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கார் வந்தபிறகு கேட்பதும் காத்திருப்பதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இரவு மகனிடம் சொன்னாள். "கண்டிப்பாம்மா. சண்டே ஃபர்ஸ்ட் அங்கதான்" என்றான். நல்ல பிள்ளை. மனசாரத்தான் சொன்னான்.

வியாழக்கிழமை சாய்மா போனை அம்மாவின் காதருகே வைத்தாள்.

"ஜெயா, எப்ப வர்றே?" குரல் நூலாக இளைத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன், ஜமீலா."

"ஞாயித்துக்கிழமையா?" மூச்சு இரைத்தது. "அது லீவு நாளாச்சே. சரி, வா."

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சாய்மா மறுபடி கூப்பிட்டாள். "அம்மி போய்ட்டாங்க டீச்சர். ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. சீக்கிரம் வாங்க."

ஜெயலக்ஷ்மி ஆட்டோ பிடிக்கச் செருப்பை மாட்டினாள். அதற்குள் கிச்சா மகனுக்குப் போன் செய்துவிட்டார். "இருங்கோ, நானே வரேன். வெயில்ல அலைய வேண்டாம்" என்றான் அவன். அவள் செருப்போடு சோபாவில் உட்கார்ந்தாள். மீட்டிங்கை முடித்துக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அடையாறில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதியாகக் குறுக்கியிருந்தார்கள். முன்னால் நின்ற லாரி நகரவே இல்லை. பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கிச்சா ஏசியை அணைக்கச் சொன்னார். மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராயப்பேட்டைச் சந்துக்குள் அவள் நடந்து போனபோது மணி இரண்டேகால். ஆண்கள் யாரும் இல்லை. வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன.

"இப்பதான் டீச்சர். பத்து நிமிஷம் கூட ஆவல" என்று சாய்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளே கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த அஃப்சருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். பழைய டிரில் டீச்சர். எழுபத்து மூன்று வயது, திருவான்மியூரில் தனியாக இருப்பவள்.

"இன்னா ஜெயா, இப்பதான் வர்றியா?"

"கார் வர லேட்டாயிடுத்து."

"கார் எதுக்கு? நான் புதன்கிழமைலேர்ந்து தினம் வந்துக்கினு கீறேன். திருவான்மியூர்ல பஸ் ஏறி லஸ்ல மாறுனா மணிக்கூண்டாண்ட எறக்கி வுட்றான். பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கிடையாதே, உனக்குத் தெரியாது?"

தெரியும். டிவியில் பார்த்திருக்கிறாள், பேப்பரில் படித்திருக்கிறாள். தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற அந்த பஸ்ஸில் தானும் ஏறலாம் என்று இந்த நாலு நாளில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உன்னைக் கேட்டுக்கினே இருந்தா. நேத்து சாயந்திரம்கூட" என்றாள் அஃப்சருன்னிசா. அவள் குத்திக் காட்டவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். ஜெயலக்ஷ்மி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் வழியில் ஸ்ரீகிருஷ்ணா காரை ஒரு பெட்ரோல் பங்குக்குள் திருப்பினான்.

"நாளைக்கு இன்னும் ஏறும்கறா. இன்னிக்கே ஃபுல் பண்ணிடறேன்."

"நல்ல காரியம்" என்றார் கிச்சா.

"ரொப்பிக்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி பின் சீட்டிலிருந்து. "எனக்கு இனிமே ராயப்பேட்டையில ஒரு வேலையும் இல்லை."

மகன் கண்ணாடி வழியே பார்த்தான். கிச்சா சிரமப்பட்டு உடம்பைத் திருப்பினார். "அப்படியெல்லாம் பேசாதே, ஜெயா. இவ்வளவு சீக்கிரம் போயிடுவான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள். "செவ்வாய்க்கிழமையே தெரியும்."